நம் காலடி நிலத்துக்கும் ஒரு வரைபடம் உண்டு

(தொலைக்காட்சி அரங்கம் ஒன்றில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வாசகர்களின் வசதிக்காக இடைத் தலைப்புகள் சேர்க்கப்பட்டுள்ளன.)



முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் நிலவியல் படித்தவள் அல்ல. படித்தது பொதுத் தொடர்புத் துறையில் ஒரு டிப்ளோமா. பிழைப்பது கேமராவுக்கு முன்னால் பேசி. அப்படிப்பட்டவளை அழைத்து, "நிலத்தடி நீரைப் பற்றியும் எரிமலையைப் பற்றியும் பேசு" என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னபோது, நானே சிரித்துவிட்டேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணம் என் ஊர்.

என் ஊர் கோலா குபு பாரு. அதற்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊருக்குப் போகும் வழியில் ஒரு பெயர்ப் பலகை இருக்கிறது. பலர் அதைப் பார்த்துக்கொண்டே காரை ஓட்டிப் போயிருப்பீர்கள். "கம்போங் அம்பாங் பெச்சா" என்று எழுதியிருக்கும். மலாய் மொழியில் அம்பாங் என்றால் அணை. பெச்சா என்றால் உடைந்தது. அணை உடைந்த கம்பம்!

சின்ன வயதில் அந்தப் பலகையை எத்தனை நூறு முறை பார்த்திருப்பேன்! ஒரு நாளாவது, "என்ன அணை? ஏன் உடைந்தது?" என்று யாரையாவது கேட்டேனா? கேட்கவில்லை. ஒரு நிலம் தன் வரலாற்றைத் தானே எழுதிப் பலகையாக மாட்டி வைத்திருந்தும், அதை வாசிக்காமலே வளர்ந்தவள் நான்.

அணை உடைந்த கதை

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்றைய கோலா குபு பாரு, பெயரிலேயே 'பாரு' என்று வைத்திருக்கும் புதிய ஊர். பழைய கோலா குபு, அம்பாங் பெச்சா பக்கம்தான் இருந்தது. உலு சிலாங்கூரில் ஈயம் தோண்டிய காலத்தில் ஆற்றை மறித்துக் கட்டிய பழைய மண் அணை ஒன்று ஊருக்கு மேலே இருந்தது. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அடைமழையில் அது உடைந்தது. இரவு நேரத்தில் வெள்ளம் ஊருக்குள் பாய்ந்து, வீடுகளையும் மனிதர்களையும் அடித்துச் சென்றது. அங்கே நிர்வாகப் பொறுப்பில் இருந்த சிசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேய அதிகாரியும் மாண்டுபோனார்.

ஊரில் இதற்கு வேறொரு கதை சொல்வார்கள். ஆற்றைக் காத்துவந்த வெள்ளை முதலையை அந்தத் துரை சுட்டுவிட்டாராம். அந்தக் கோபத்தில்தான் ஆறு பொங்கியதாம். பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போது நான் போர்வைக்குள் ஒடுங்கிக்கொள்வேன்.

முதலைக் கதையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆற்றிடம் மரியாதையோடு நடந்துகொள் என்று சொல்லத்தான் நம் முன்னோர் அப்படிக் கதை கட்டினார்கள். ஆனால், முதலையோடு நின்றுவிட்டால் அடுத்த வெள்ளத்துக்கு நாம் தயாராக முடியாது. ஏனென்றால், அணை உடைந்ததோடு கோலா குபுவின் துன்பம் தீரவில்லை.

மலைச்சரிவில் ஈயத்துக்காக மண்ணைக் கரைத்தார்கள். கரைந்த மண்ணும் மணலும் எங்கே போகும்? ஆற்றுக்குத்தான். ஆண்டுக்கு ஆண்டு ஆற்றின் அடிமட்டம் உயர்ந்தது. ஒரு கட்டத்தில் ஊர் தாழ்வாகவும் ஆறு உயரமாகவும் ஆகிவிட்டது. மழை பெய்தால் ஊருக்குள் தண்ணீர். தண்ணீர் வடிந்தால் சேறு. 1926-ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவையே மூழ்கடித்த பெருவெள்ளமும் வந்தது. கடைசியில், இந்த ஊரைக் காப்பாற்ற முடியாது என்று முடிவு செய்து, மேட்டு நிலத்தில் புதிய ஊரை அமைத்தார்கள். அன்றைய மலாய்க் கூட்டு மாநிலங்களின் நகரத் திட்டமிடுநர் சார்லஸ் ரீட் வகுத்த தோட்ட நகரம் அது. 1930-களின் தொடக்கத்தில் மக்கள் அங்கே குடியேறினார்கள். இன்று வார இறுதியில் நீங்கள் வந்து காப்பி குடித்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் அந்த அழகான சிற்றூர், ஓர் ஊரைச் சேற்றுக்குப் பறிகொடுத்த பிறகு கிடைத்த ஊர்.

நான் கேட்க விரும்புவது இதுதான். ஊரைப் பறிகொடுத்த பிறகுதான் நிலத்தைப் படிக்க வேண்டுமா? முன்கூட்டியே படிக்க முடியாதா? முடியும். அதற்குப் பெயர்தான் நிலவியல் வரைபடம்.

அதே ஆண்டு, அதே வட்டாரம்

1883 என்று சொன்னேன் அல்லவா? கோலா குபு அணை உடைவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால், அதே ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி, சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையே கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. அந்தச் சத்தம் 4,800 கிலோ மீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் ரொட்ரிகெஸ் தீவு வரைக்கும் கேட்டது. கடல் எழும்பிக் கரையோர ஊர்களை விழுங்கியதில் 36,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

"அது அவர்கள் நாடு, நமக்கு எரிமலை இல்லை" என்று நாம் ஆறுதல் அடையலாம். உண்மைதான். தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை எதுவும் கிடையாது. ஆனால், நிலத்துக்கு நாட்டு எல்லை தெரியாது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வட சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது பறந்த சாம்பல், மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் படிந்திருக்கிறது. அதே சாம்பலை இந்தியாவிலும் கண்டெடுத்திருக்கிறார்கள். நம் நாட்டிலேயே குவாந்தானிலும் சிகாமட்டிலும் பழங்காலத்தில் குழம்பாக ஓடி இறுகிய எரிமலைப் பாறை உண்டு. சபாவின் தாவாவ் வட்டாரத்தில் கொக்கோ செழித்து வளரும் மண், அணைந்துபோன எரிமலைகள் கொடுத்த மண்.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். கோலா குபு பாருவுக்கு வடக்கே கெர்லிங்கில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. பத்தாங் காலி பக்கம் உலு தாமுவிலும் இருக்கிறது. முட்டி வலி என்றால் பெரியவர்கள் அங்கே போய்க் காலை நனைத்துவிட்டு வருவார்கள். "பூமாதேவிக்குக் காய்ச்சல்" என்பார் பாட்டி. பள்ளியில் என் தோழி ஒருத்தி, "அடியில் எரிமலை இருக்கிறது, ஒரு நாள் வெடிக்கும்" என்று சொல்லி என்னை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தாள்.

இரண்டும் இல்லை. தித்திவாங்சா மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. அந்தக் கருங்கல்லில் நீண்ட வெடிப்புகள் உண்டு. மழைநீர் அந்த வெடிப்புகள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் போகப்போக நிலத்தின் வெப்பம் கூடும். சூடேறிய நீர் இன்னொரு வெடிப்பின் வழியே மேலே வருகிறது. அவ்வளவுதான். கெர்லிங்கில் நாம் கால் நனைப்பது, என்றோ மலைமேல் பெய்த மழையில்.

அந்த வெடிப்புகளுக்கு வேறொரு முகமும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம், பகாங் மாநிலத்தின் புக்கிட் திங்கியில், 2007 நவம்பர் 30 முதல் அடுத்த ஈராண்டுகளில் சிறு சிறு நில அதிர்வுகள் பதிவாயின. பெரிய சேதம் இல்லை. ஆனாலும், "நம் நாட்டில் நிலம் அசையாது" என்ற நம்பிக்கை அன்றைக்கே கொஞ்சம் அசைந்தது. வெந்நீர் வரும் வழியும் அதிர்வு வரும் வழியும் ஒரே இனம்: பாறையின் வெடிப்பு. அது எங்கே ஓடுகிறது என்று சொல்வது வரைபடம்.

வரைபடம் எப்படி உருவாகிறது?

சாலை வரைபடம் நமக்குத் தெரியும். இப்போது கைப்பேசியிலேயே வந்துவிட்டது. நிலவியல் வரைபடம் வேறு. அதில் சாலைக்குப் பதில் நிறங்கள் இருக்கும். கருங்கல்லுக்கு ஒரு நிறம், சுண்ணாம்புப் பாறைக்கு ஒரு நிறம், ஆற்று வண்டலுக்கு ஒரு நிறம், கரி மண்ணுக்கு ஒரு நிறம். பாறை வெடித்த இடம் கோடாக இருக்கும். மேலே இருப்பதைப் பார்த்துக் கீழே இருப்பதைச் சொல்லும் காகிதம் அது.

அதை வரைய, நிலவியலாளர்கள் ஒரு சுத்தியலும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு ஆற்றோடும் ஓடையோடும் நடக்கிறார்கள். நம் நாட்டில் எங்கு பார்த்தாலும் காடு, செடி, கொடி. பாறை முகம் காட்டுவது ஓடைப் படுகையிலும் சாலை வெட்டிய மேட்டிலும்தான். அங்கே பாறையை உடைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளந்து, குறித்துக்கொண்டு அடுத்த ஓடைக்குப் போகிறார்கள். அட்டைக் கடிக்கு நடுவே நடந்து நடந்து சேர்த்த புள்ளிகள்தான் பிறகு நிறங்களாகின்றன.

இந்த வேலை நம் நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. 1903-ஆம் ஆண்டு ஜே. பி. ஸ்கிரிவெனர் என்பவர் மலாய்க் கூட்டு மாநிலங்களின் நிலவியலாளராக நியமிக்கப்பட்டார். பேராக்கின் பத்து காஜாவில் அந்த இலாகா வேரூன்றியது. எதற்காக? பொதுமக்களுக்குக் குடிநீர் தேடவா? இல்லை. ஈயத்துக்காக! ஈயம் எங்கே கிடைக்கும் என்று காட்டுவதுதான் அன்றைய நோக்கம். அந்த இலாகா 1999-இல் சுரங்க இலாகாவோடு இணைந்து, கனிம, நிலவியல் துறையாக இன்று இயங்குகிறது. ஈயத்துக்காகத் தொடங்கிய பழைய அறிவு, இன்று தண்ணீருக்கும் மலைச்சரிவின் பாதுகாப்புக்கும் வீட்டின் அடித்தளத்துக்கும் பயன்படுகிறது.

நிலத்தைப் படித்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு நம் தோட்டத்து வரலாற்றிலேயே சான்று உண்டு. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சனின் பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலேரியாவால் நம் பாட்டன் பூட்டன்மார் கொத்துக் கொத்தாக மாண்ட காலம் அது. தாழ்வான கரையோரத் தோட்டங்களில் சதுப்பை வடித்து, காட்டை வெட்டியதும் காய்ச்சல் குறைந்தது. அதே முறையை மலையடித் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் குறையவில்லை, கூடியது. காரணம், தாழ்நிலத்துக் கொசு வேறு, மலைநிலத்துக் கொசு வேறு. மலைநிலத்துக் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் முட்டையிடும். காட்டை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதே வினையாகிவிட்டது. பிறகு நிலத்துக்கு ஏற்றபடி வைத்தியத்தை மாற்றினார்கள். மலை ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடவிட்டார்கள். ஒரே மாநிலம், ஒரே நோய். ஆனால் நிலம் வேறு என்றால் மருந்தும் வேறு.

இரண்டு கிணறு, ஒரு கோவில்

நிலத்தடி நீருக்கு வருகிறேன். இது என் சொந்த அனுபவம்.

எங்கள் தோட்டம் கைமாறியது. குடும்பங்கள் தாமான்களுக்கும் பட்டணத்துக்கும் சிதறின. கோவில் மட்டும் அதே இடத்தில் நின்றது. குழாய்த் தண்ணீர் இல்லை. திருவிழா என்றால் லாரியில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். கோவிலுக்குச் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போடலாம் என்று நிர்வாகத்தினர் முடிவு செய்து வீடு வீடாக வசூல் செய்தார்கள். பென்ஷன் பணத்திலிருந்து கொடுத்தவர்கள் உண்டு. என் அம்மாவும் கொடுத்தார்.

நீரோட்டம் பார்க்க ஒருவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் நிமிர்ந்தது. கற்பூரம் ஏற்றினோம். துளை போட்டோம். கொஞ்ச தூரம் களிமண். பிறகு இறுகிய கருங்கல். நாள் முழுக்கத் துளைத்தும் தூசிதான் வந்தது. மீதிப் பணத்தில் ஓடைக்குப் பக்கத்தில் இரண்டாவது துளை. தண்ணீர் வந்தது! எல்லாரும் கைதட்டினோம். ஒரு வாளியில் பிடித்து வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அது செந்நிறமாக மாறியது. இரும்பு வாடை. அபிஷேகத்துக்குக்கூட ஆகாது என்று பூசாரி சொல்லிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, பாங்கியில் நிலவியல் படித்துக்கொண்டிருந்த எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் விடுமுறைக்கு வந்தான். பால்மரம் வெட்டியவரின் பேரன். அவன் கொண்டுவந்த வரைபடத்தைக் கோவில் திண்ணையில் விரித்தான். "அக்கா, முதல் துளை போட்ட இடம் வெடிப்பில்லாத கருங்கல். அதில் தண்ணீர் எங்கே தங்கும்? இரண்டாவது இடம் வண்டல். அதில் தண்ணீர் உண்டு, இரும்பும் உண்டு. இதோ, இந்தக் கோடு பாருங்கள், பாறை வெடித்த இடம். பரிசோதித்துப் பார்ப்பதானால் முதலில் இங்கேதான் பார்த்திருக்க வேண்டும்."

தலைவர் கேட்டார்: "தம்பி, இந்தக் காகிதம் எங்கே கிடைக்கும்?" அவன் சொன்னான்: "இலாகாவில் கேட்டால் கிடைக்கும் மாமா. துளை போட்ட செலவோடு பார்த்தால் இது ஒரு செலவே இல்லை." அதோடு, ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் எடுக்க, சிலாங்கூரில் லுவாஸ் என்னும் நீர் நிர்வாக வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் அவன்தான் சொன்னான். எங்களில் யாருக்கும் அது தெரியாது.

திண்ணையில் யாரும் பேசவில்லை. கையில் பணம் இல்லை. அந்த மூன்றாவது கிணறு இன்றுவரை தோண்டப்படவில்லை. திருவிழாவுக்கு இன்னும் லாரியில்தான் தண்ணீர் வருகிறது.

தேங்காய்க்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காதது நாங்கள்.

மூன்று வகை நிலம்

நம் வட சிலாங்கூரை மலையிலிருந்து கடல் நோக்கிப் பாருங்கள். மூன்று வகை நிலம் தெரியும்.

முதலாவது, கோலா குபு பாரு, பத்தாங் காலி போன்ற மலையடி நிலம். கருங்கல். இங்கே தண்ணீர் பாறைக்குள் குளம்போல் கிடக்காது. பாறை மேலே மக்கி மண்ணாகிய பகுதியிலும் வெடிப்புகளிலும்தான் தங்கும். வெடிப்பைத் தொட்டால் நீர், தவறினால் தூசி.

இரண்டாவது, ஆற்றோர வண்டல் நிலம். மணலும் சரளையும் இருந்தால் தண்ணீர் தாராளம். ஆனால் இரும்பு அதிகம். காற்றுப் படவைத்து, வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும். இது முடியாத காரியம் அல்ல. கிளந்தான் மாநிலத்தில் கோத்தா பாரு வட்டார மக்கள் பல்லாண்டுகளாக நிலத்தடி நீரைக் குடிநீராகப் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாவது, கோலா சிலாங்கூர், தஞ்சோங் காராங் பக்கத்துக் கரையோரத் தாழ்நிலம். சுமார் 5,000, 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. அன்று கடல் விட்டுச் சென்ற களிமண்தான் அங்கே அடியில் கிடக்கிறது. அதனால் கிணற்றில் உப்பு தட்டும். உள்ளே தள்ளிப்போனால் ராஜா மூசா காடு போன்ற கரி மண் காடுகள். அங்கே தண்ணீர் தேநீர் நிறத்தில், புளிப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கரி மண் ஒரு பெரிய பஞ்சு மாதிரி. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தஞ்சோங் காராங் நெல் வயல்களுக்கு மெல்ல மெல்லக் கொடுக்கிறது. அதை வெட்டி வடித்தால், காய்ந்து தீப்பிடிக்கும், வயலும் வாடும்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன்? சிலாங்கூரும் கோலாலம்பூரும் குடிப்பது பெரும்பாலும் ஆற்று நீரைத்தான். அதிலும் பாதிக்கு மேல் எங்கள் சிலாங்கூர் ஆற்று நீர். 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் வறட்சி. வாளி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். 2014-இல் மீண்டும் தண்ணீர்ப் பங்கீடு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஒரு சிற்றோடையில் கலந்த கழிவால் சுத்திகரிப்பு ஆலைகள் நிறுத்தப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றது. ஒரே ஆற்றை நம்பியிருப்பவர்களுக்கு நிலத்தடி நீர் ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி. அன்றாடச் செலவுக்கு அல்ல; ஆபத்துக்கு. சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் யாராவது பணம் எடுப்பார்களா? அளவுக்கு மீறி உறிஞ்சினால் கரையோரத்தில் உப்பு நீர் உள்ளே வரும், நிலமும் தாழும். அதனால்தான் வரைபடமும் கண்காணிப்புக் கிணறுகளும் வேண்டும்.

ஒரு வரைபடமும் ஒரு வீடியோ நாடாவும்

இனி இரண்டு எரிமலைகளின் கதை. ஒன்று கொலம்பியாவில், ஒன்று பிலிப்பைன்ஸில்.

கொலம்பியாவின் நெவாடோ டெல் ருயிஸ், பனி மூடிய எரிமலை. 1985-இல் அது புகையத் தொடங்கியதும், நிலவியலாளர்கள் அபாய வரைபடம் ஒன்றை அக்டோபரில் தயாரித்தார்கள். எந்த ஆற்றின் வழியே சேற்று வெள்ளம் இறங்கும், எந்த ஊர் அதன் பாதையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. ஆர்மெரோ என்ற ஊரும் இருந்தது. அந்த ஊரே 1845-இல் வந்த பழைய சேற்று வெள்ளத்தின் படிவு மேல் கட்டப்பட்டதுதான். நவம்பர் 13 இரவு எரிமலை வெடித்தது. பனி உருகி, மண்ணோடு சேர்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து ஆர்மெரோவை மூடியது. மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். நடந்தே மேட்டுக்குப் போயிருக்கலாம். நேரம் இருந்தது. வரைபடமும் இருந்தது. மக்களின் மனத்தில் அந்த வரைபடம் இல்லை.

ஆறாண்டுகள் கழித்து, 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ. அங்கேயும் நிலவியலாளர்கள் அவசர அவசரமாகப் பழைய படிவுகளைப் படித்து, மே மாதத்தில் அபாய வரைபடம் கொடுத்தார்கள். ஆனால், பல நூற்றாண்டுகளாகச் சும்மா கிடந்த மலை வெடிக்கும் என்று யார் நம்புவார்கள்? அப்போது அவர்கள் கையில் ஒரு வீடியோ நாடா இருந்தது. மொரீஸ் கிராஃப்ட், காத்தியா கிராஃப்ட் என்ற பிரெஞ்சுத் தம்பதி எடுத்த படம். ஆர்மெரோ போன்ற கொடுமை இனி நடக்கக் கூடாது என்று, எரிமலை என்னென்ன செய்யும் என்பதைப் படமாக எடுத்திருந்தார்கள். அதை அதிகாரிகளுக்கும் ஊர் மக்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பல்லாயிரம் பேர் வெளியேறினார்கள். ஜூன் 15-ஆம் தேதி, இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று நிகழ்ந்தது. நனைந்த சாம்பலின் பாரத்தால் கூரைகள் இடிந்து சில நூறு பேர் மாண்டது உண்மை. ஆனால், காப்பாற்றப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில்.

அந்தப் படத்தை எடுத்த தம்பதி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. பன்னிரண்டு நாள்களுக்கு முன், ஜூன் 3-ஆம் தேதி, ஜப்பானின் உன்சென் எரிமலையில் அவர்கள் இறந்துபோனார்கள்.

நேயர்களே, கேமராவை நம்பிப் பிழைக்கும் எனக்கு, இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. வரைபடம் உண்மையைச் சொல்கிறது. அதை மக்களிடம் கொண்டுசேர்ப்பது எங்கள் வேலை.

நான் வெட்டிய ஒரு நிமிடம்

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். 2014, தண்ணீர்ப் பங்கீட்டுக் காலம். நான் துறைக்குப் புதியவள். தண்ணீர்ப் பிரச்சினை பற்றிய நேரலை நிகழ்ச்சி. விருந்தினராக நிலவியல் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்திருந்தார். கையில் ஒரு வரைபடச் சுருள். "மகளே, எனக்கு ஒரே ஒரு நிமிடம் கொடு. இதை விரித்துக் காட்டிவிடுகிறேன். தண்ணீர் எங்கே இருக்கிறது, எந்தச் சரிவு ஆபத்தானது, எல்லாம் இதில் இருக்கிறது" என்றார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. விளம்பர இடைவேளை நெருங்கியது. அவர் சுருளை எடுத்தபோது நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "ஐயா, மழை எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள்." அரங்கத்தில் சிரிப்பு. அவரும் சிரித்துவிட்டுச் சுருளைக் கீழே வைத்தார். நிகழ்ச்சி நன்றாக இருந்தது என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

எட்டு ஆண்டுகள் போயின. 2022 டிசம்பர் 16, விடியற்காலை. எங்கள் உலு சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் காலி மலைப்பாதையில் ஒரு முகாம் தளத்தின் மேல் மண் சரிந்தது. பள்ளி விடுமுறைக்குக் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள். 92 பேர் மாட்டிக்கொண்டார்கள். 31 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு.

மழைநீர் மேலே ஓடினால் நமக்குத் தெரியும். மண்ணுக்குள் இறங்கித் தேங்கினால் தெரியாது. மண் துகள்களுக்கு இடையே நீர் நிறைந்து, அழுத்தம் ஏறும்போது, மண்ணின் பிடி தளர்கிறது. நாம் கிணற்றில் தேடும் அதே நிலத்தடி நீர்தான், சரிவில் அளவு மீறினால் மலையை இறக்கிவிடுகிறது.

அந்தப் பெரியவரின் வரைபடத்தில் அந்த இடம் குறிக்கப்பட்டிருந்ததா? எனக்குத் தெரியாது. அன்று அவரைக் காட்டவிட்டிருந்தால் ஏதாவது மாறியிருக்கும் என்று சொல்லி என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்ளவும் நான் விரும்பவில்லை. ஆனால், அன்று காலை செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தச் சுருள்தான் நினைவுக்கு வந்தது. மக்களுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரு நிமிடத்தை வெட்டியவள் நான்.

2024 ஆகஸ்டில் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா சாலையில் நடைபாதை திடீரென உள்வாங்கியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீபாவளிச் சேலை எடுக்க நாமெல்லாம் நடக்கும் சாலை. இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்த ஒரு தாய் அந்தக் குழியில் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. காலடியில் என்ன இருக்கிறது என்பது யாரோ ஒரு விஞ்ஞானியின் கவலை மட்டும் அல்ல.

நாம் செய்யக்கூடியது

வெறும் வருத்தத்தோடு உங்களை அனுப்ப மாட்டேன். நம்மால் ஆகக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று: வீடோ நிலமோ வாங்கும்போது, விலையையும் வங்கிக் கடனையும் கேட்கிறோம், வாஸ்து பார்க்கிறோம். அதோடு, "இது முன்னே ஈயக் குட்டையா? சரிவை வெட்டி நிரப்பிய இடமா? கரி மண்ணா?" என்றும் கேளுங்கள். நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

இரண்டு: கோவிலுக்கோ பள்ளிக்கோ தோட்டத்துக்கோ கிணறு போடுவதானால், துளை போடும் வண்டியை அழைப்பதற்கு முன் கனிம, நிலவியல் துறையை அணுகுங்கள். அனுமதி பெறுங்கள். தண்ணீர் வந்ததும் குடித்துவிடாதீர்கள்; சோதனைக்கு அனுப்புங்கள். நம் மக்கள் வியர்வை சிந்திக் கொடுத்த பணம் கருங்கல்லில் தூசியாகப் போகக் கூடாது.

மூன்று: சரிவுக்கு அருகே குடியிருப்பவர்கள், சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றைக் கண்டால் அலட்சியம் செய்யாதீர்கள். தொடர்மழையில் இது தெரிந்தால் முதலில் வெளியேறுங்கள். பிறகு தகவல் கொடுங்கள்.

நான்கு: பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை அறிவியலில் கெட்டிக்காரன் என்றால் டாக்டர், வக்கீல், பொறியியலாளர் என்ற மூன்று சொற்களோடு நாம் நின்றுவிடுகிறோம். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் கற்பிக்கிறார்கள். நிலவியலாளர் தொழிலுக்கென்றே 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்தப் படிப்பையும் ஒரு கனவாக நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் தாத்தாக்கள் இந்த நாட்டின் காட்டை வெட்டினார்கள், தண்டவாளம் போட்டார்கள், பால் மரம் சீவினார்கள். இந்த மண்ணை அவர்களைவிட அதிகம் தொட்டவர்கள் யார்? தொட்ட மண்ணைப் படிக்கும் முறை பேரப் பிள்ளைகளுக்கு வரட்டுமே!

என் துறைக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளம் வந்த பிறகு படகில் ஏறிப் படம் பிடிக்கிறோம். அது வேண்டியதுதான். வெள்ளம் வராத நாளில், ஒரே ஒரு நிமிடம், அந்த வட்டாரத்தின் வரைபடத்தைக் காட்டுவோம். எங்கள் நிகழ்ச்சியில் நான் அதைத் தொடங்கிவிட்டேன். முதல் வாரம் அந்தப் பெரியவரைத்தான் தேடிப் போனேன். வயதாகிவிட்டது, சரியாக நடக்க முடியவில்லை. வரைபடத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "இந்தத் தடவை எத்தனை நிமிடம் கொடுப்பாய்?" என்று கேட்டார். "நீங்கள் முடிக்கும்வரை ஐயா" என்றேன்.

அடுத்த முறை கோலா குபு பாருவுக்கு வரும்போது, அம்பாங் பெச்சா பலகை அருகே காரைக் கொஞ்சம் மெதுவாக விடுங்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதன் பொருளைச் சொல்லுங்கள். ஒரு ஊர் நமக்காக விட்டுச் சென்ற முதல் வரைபடம் அது.